அடுப்புக்கு மேலே வைத்த கம்ப்யூட்டர்

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயம் ஒன்றில் பழைய கம்ப்யூட்டர் எழும்பவில்லை என்று கூப்பிட்டார்கள். பதுளைக் கடையொன்றில் ஆறு மாதம் கூடமாட நின்றதுதான் இதில் என் படிப்பு.

அந்த வீட்டம்மாவின் மகள் அரபு நாட்டில் வீட்டு வேலைக்குப் போனவள். பாஸ்போர்ட்டை அங்கே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள் என்று மகள் போனில் சொன்னாள். பிறகு மூன்று வாரமாகப் பேச்சில்லை. புகார் எழுதப் போன இடத்தில் பாஸ்போர்ட் பிரதி கேட்டார்கள். அது இந்த மெஷினுக்குள் மட்டும்தான் இருந்தது.

சுவிட்சைப் போட்டால் பீப் சத்தம் மட்டும் வந்தது, திரை கறுப்பு. மூடியைக் கழற்றினேன். உள்ளே பிசுபிசுவென்று கரி.

"இத எங்கங்க வச்சிருந்தீங்க?"

"அடுப்புக்கு மேல, வெறகு காயப்போடுற தட்டுல. ஈரம் படாம வைங்கன்னு போன மழைக்கு நீங்கதானே தம்பி சொன்னீங்க."

சொன்னது நான்தான். மழைக்காலத்தில் லயத்தில் ஈரம் படாத இடம் அது ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியாததல்ல.

நினைவகத் தகடான ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். மூன்றாம் தடவை திரை வெளித்தது. ஆனால் ஹார்ட் டிஸ்க் கடகடத்தது. அவசரமாகப் பிரதியைத் திறந்து, திரையைப் போனில் படம் பிடித்தேன். உடனே எல்லாம் அணைந்தது. மறுபடி எழும்பவில்லை.

அந்த அம்மா போனை வாங்கிப் பார்த்தார். பிளாஷ் வெளிச்சம் படத்தில் வெள்ளையாக விழுந்திருந்தது.

"புள்ள மூஞ்சி தெரியலையே தம்பி."

"நம்பர் தெரியுதுங்க. அது போதும்" என்றேன். போதுமா என்று எனக்குத் தெரியாது.