அக்கா வாயில் வராத சொல்

எங்கள் குடும்பத்தில் எரிப்பதுதான் வழக்கம். அக்காவை மட்டும் ஏன் சுங்கை சிப்புட்டில் புதைத்தீர்கள் என்று துக்கத்துக்கு வந்த பலர் கேட்டீர்கள். சிலர் சண்டைக்கே வந்தீர்கள். பதினாறாம் நாளான இன்று, அவருடைய ஒரே தங்கை பதில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அந்த வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில். ஜப்பான்காரன் வந்த வருடமே அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போய்விட்டார்கள். பதினைந்து வயது அக்காவே, தனக்கு இளையவரான அண்ணனுக்கும் எனக்கும் தாயானார்.

போருக்குப் பின் இத்தனை வருடத்தில் 'மண்' என்ற சொல்லை அக்கா சொல்லி யாராவது கேட்டிருக்கிறீர்களா? மண்சட்டியைக் குழம்புச்சட்டி என்பார். செடி நட்டால், "இந்த தானா நல்லா இருக்குலா" என்று அதற்கான மலாய்ச் சொல்லைப் போட்டு முடித்துக்கொள்வார். தமிழாசிரியையான நான் சும்மா இருப்பேனா? நிலைத்து நிற்பதால் நிலம், அந்தரத்தில் தொங்குவதால் ஞாலம், பூமி வடமொழி என்று அடுக்குவேன். "மண்ணுதல்னா பழைய தமிழ்ல கழுவுறதுக்கா, நல்ல சொல்தான்" என்றேன் ஒருநாள். எழுந்து உள்ளே போனவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தச் சொல்லை அவர் ஒருமுறை சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதி என்று நினைத்தேன், பாவி.

காரணம் இதுதான். அரிசி இல்லாத காலம். எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் அக்கா நட்டிருந்த மரவள்ளிக்கிழங்கை முற்றுமுன்பே பிடுங்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார் அண்ணன். அக்காவுக்கு வந்ததே கோபம்! குனிந்து மண்ணை வாரி அண்ணன் தலையில் தூற்றினார்.

"நீ மண்ணாப் போயிருவ!"

அண்ணன் தலையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "சரி, போறேன்லா."

மூன்றாம் நாள் ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க வந்தார்கள். ஆற்றோரப் புதரில் ஒளிந்திருந்த அண்ணனை இழுத்துப் போனார்கள். போர் முடிந்து திரும்பிய ஒருவர், அண்ணன் காலராவில் இறந்ததையும் பலரோடு ஒரே குழியில் போட்டதையும் வந்து சொன்னார். "நான் சொன்னது பலிச்சிருச்சு" என்றார் அக்கா. அழவுமில்லை.

ஈப்போ மருத்துவமனையில் கடைசி வாரம் என் கையைப் பிடித்தார். "ஒன் அண்ணன் மண்ணுக்குள்ளதான கெடக்கான். என்னையும் அங்கயே போடு. எரிக்காத." அந்தச் சொல்லை அவர் வாயால் மறுபடி கேட்டது அன்றுதான்.

மழையில் குழி வெட்டிய பிள்ளைகளுக்கும், கோப்பெங்கிலிருந்தும் சிலிம் ரிவரிலிருந்தும் ஓடிவந்த உறவுகளுக்கும், பதினாறு நாளும் சமைத்துப் போட்ட அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி.

குழியருகே அக்கா மகள், "சின்னம்மா, ஒரு பிடி போடுங்க" என்றபோது நான் விலகிப் போனேன். ஏனென்று கேட்டாள். அதையும் எழுதிவிடுகிறேன். அன்று ஆள் பிடிக்க வந்தவர்களோடு நின்ற தோட்டக் கங்காணி என்னிடம், "அரிசி வந்திருக்கு பாப்பா, அண்ணே எங்க?" என்று கேட்டார். எனக்கு ஏழு வயது, பசி. புதரை நான்தான் காட்டினேன். அக்காவின் சாபத்தால் அண்ணன் போகவில்லை. இதை ஒருமுறை சொல்லியிருந்தால் அக்கா நிம்மதியாகத் தூங்கியிருப்பார். சொல்லாமலே அனுப்பிவிட்டேன்.