கடைக் கதவின் உட்புறம்

கடையை விற்று மூன்று கிழமையாகியும் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. காலையில் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷன் வரை நடப்பேன், பேப்பர் வாங்குவேன், அந்தக் கடைக்காரர் பாண் அடுக்கியிருக்கும் இலட்சணத்தைப் பார்த்து மனதுக்குள் திட்டுவேன், திரும்பி வருவேன். வந்து சப்பாத்தைக் கழற்றியதும் மறுபடியும் மாட்டுவேன்.

"குட்டி போட்ட பூனை மாதிரி உலாத்தாமல் ஒரு இடத்தில இருங்கோ," என்றாள் மனைவி. "கடை போயிட்டுது. உங்கடை கால் மட்டும் இன்னும் அங்கதான் நிக்குது."

கடை இருந்தது லண்டனுக்கு வெளியே, எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம் தள்ளி ஒரு சிற்றூரில். ஒரு தேவாலயம், ஒரு பப், ஒரு மண்டபம், வாத்துகள் நீந்தும் ஒரு குளம், எங்கள் கடை. அவ்வளவுதான் ஊர். ஆனால் சரித்திரத்துக்குக் குறைவில்லை. எந்த வீட்டுக் கூரை எந்த அரசன் காலத்தது என்று பால் வாங்க வந்தவர்களே சொல்வார்கள். நாய்களுக்குக்கூட வம்சாவளி இருந்தது. முதல் இரண்டு வருடம் மழையையும் குளிரையும் தவிர என்னோடு வேறெதுவும் பேசாதவர்கள், மூன்றாம் வருடம் விடுமுறைக்குப் போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனார்கள். அப்படிப் பதினாறு வருடம்.

கடையின் பின்னறைக் கதவின் உட்புறத்தில் அந்தக் கடையை நடத்தியவர்களின் பெயர்கள் இருந்தன. முதலாவது பெயர் கத்தியால் செதுக்கியது. அவர் பாண் சுட்டு விற்றவராம். அதற்குக் கீழே மெழுகுதிரி விற்றவர், யுத்தத்துக்குப் போன புருஷன் திரும்பாததால் தானே கடையை நடத்திய ஒரு பெண், அப்படியே மொத்தம் பன்னிரண்டு பேர். பெயர், வந்த வருடம், போன வருடம். போகும்போது அவரவர் தம் கையாலேயே எழுதிவிட்டுப் போவது ஊர் வழக்கம்.

அந்த ஊரின் சரித்திரத்தைச் சேகரித்து வைப்பவர் கடைக்கு எதிரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. கடையை விற்கப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான்: பெயரை எழுதிவிட்டீர்களா? நல்ல பேனை கொண்டுவருகிறேன் என்றேன். விரலில் காயம் என்றேன். கடைசி நாள் அவர் கண்ணில் படாமல் பின்வாசலால் போய்விட்டேன். உங்கள் சரித்திரம் எனக்கு எதற்கு என்று காருக்குள் தனியே இருந்து கத்தினேன். அவர்மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் பெயர்கள் இருந்தன. யுத்த காலத்தில், வீட்டில் இருப்பவர்களின் பட்டியலை எழுதி அப்படி ஒட்டி வைக்க வேண்டும் என்பது இராணுவத்தின் கட்டளை. எழுதியவர் அண்ணை; அவருக்கு முத்து முத்தான எழுத்து. என் பெயரை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்.

"நீ பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட மாமி வீட்டிலதானே படுக்கிறாய். உன்னை ஏன் இதில போட வேணும்?" என்றார்.

வீட்டில் எனக்கு இடமில்லையா என்று கோபித்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் வரவில்லை, அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோதனைக்கு வந்தவர்கள் கதவைச் சாத்தி, அந்தத் தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார்கள். அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. தாளில் பெயர் இல்லாத நான் மிஞ்சினேன். அன்றிலிருந்து கதவில் என் பெயரை எழுதுவதென்றாலே எனக்குப் பயம். இதை அந்த ஆசிரியைக்கு எப்படிச் சொல்வது?

போன வெள்ளிக்கிழமை அவரே போன் எடுத்தார். வாங்கியவர்கள் கடையை வீடாக்குகிறார்களாம். பழைய மரமெல்லாம் குப்பைக்குப் போகிறதாம். கதவை மட்டும் தச்சரிடம் கேட்டு வாங்கி மண்டபத்தில் வைத்திருக்கிறாராம். நல்லது என்று சொல்லிப் போனை வைத்தேன். தேத்தண்ணியைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடியும் எடுத்தேன்.

எல்லாம் தெரிந்த மனைவி கார்ச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தாள். "வெளிக்கிடுங்கோ. நானும் வாறன்."

கதவு மண்டபச் சுவரில் சாய்ந்து நின்றது. பன்னிரண்டாம் பெயருக்குக் கீழே தூசி துடைத்து, பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருந்தது. எழுதுவதும் எழுதாமல் விடுவதும் உங்கள் விருப்பம், ஆனால் அந்த இடத்தில் வேறு எதையும் எழுத நான் விடமாட்டேன் என்றார் ஆசிரியை. ஏன் எழுதவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பேனையை வாங்கினேன். மூடியைக் கழற்றினேன்.

"பயமா இருக்கு," என்றேன் மனைவியிடம்.

"ஓம், தெரியும். எண்டாலும் எழுதுங்கோ. உங்கடை கோழிக் கிறுக்கல் வேண்டாம், வடிவா எழுதுங்கோ."

வடிவான எழுத்து என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தத் தாளை நினைத்துக்கொண்டு, அவசரப்படாமல், தமிழில் எழுதினேன். அண்ணை எழுதாமல் விட்ட பெயரை அண்ணையின் எழுத்திலேயே எழுதினேன்.