தகப்பன் பெயர் வரிசை

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நிவாரண அலுவலகத்தில், முகாம்களில் இருப்போரின் பெயர்ப் பட்டியல்களைப் பார்க்கும் வேலை செய்தேன். பதினேழு முகாம்கள், கணினியில் பதினேழு எக்ஸ்எம்எல் கோப்புகள். ஏழு வயது மகள் தர்சினியைத் தேடி வந்த ஒரு தாயிடம் மூன்று தடவை “இல்லை” என்று சொல்லியிருந்தேன்.

நான்காம் தடவை அவர் வந்த அன்று, உடன் வேலை செய்த நஸ்ரீன் பன்னிரண்டு வரி நிரல் எழுதி எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கியிருந்தார். பெயர்கள் தகப்பன் பெயர் வரிசையில் வந்தன.

“பிழை, பிள்ளை! ஆளின்ட பெயர் வரிசையில வேணும்” என்று சீறினேன்.

“கொஞ்சம் பொறுங்க சேர்” என்றவர், தாயிடம் திரும்பினார். “உங்கட ஹஸ்பண்ட் பேரென்ன?”

“கணபதிப்பிள்ளை.”

அந்தப் பெயரில் ஆறு வரிகள். ஆறாவதில், கணபதிப்பிள்ளை சின்னக்கிளி, வயது ஏழு.

“ஐயோ, அது நாங்கள் வீட்டில கூப்பிடுற பெயர்!” தாய் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தார். நானும் எழுந்துவிட்டேன்.

மூன்று தடவையும் பதினேழு கோப்புகளையும் ஒன்று விடாமல் எண்ணித்தான் திறந்து, ‘தர்சினி’ என்று தேடினேன். அந்தத் தாயிடம் இன்னொரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை.