போணிக்கு முன்னால் இறக்கிய தண்ணீர்

நளினி மெஷினைப் பார்க்கவே வேண்டியதில்லை. இரும்பு வெட்டும் டார்ச்சின் சீறலைக் கேட்டே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள். சீறல் கரகரத்தால் எலக்ட்ரோடு தேய்ந்துவிட்டது. வெட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து தகட்டின் அடியில் கசடு தொங்கினால் தீ வெளியே வரும் நாசிலின் ஓட்டை கோணிவிட்டது. ஒன்று கெட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பாள். பழைய நாசிலோடு புது எலக்ட்ரோடைப் போட்டால் புதியதும் சீக்கிரம் போய்விடும்.

ராபர்ட்சன்பேட்டையில் நந்தகுமாரின் பட்டறையில் அவளுக்கு வேலை. இரும்புத் தகட்டில் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் டிசைன் வெட்டும் பிளாஸ்மா மெஷின் அவள் கையில் இருந்தது. அதற்கு முன் பல வருஷம் பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலை. மாரிகுப்பத்தில் இருட்டோடு ரயில் ஏறினால், திரும்பி வரும்போது மகள் பவ்யா தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவளுக்கு மகள் விழித்திருப்பாள். இப்போது பட்டறையிலிருந்து வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். பவ்யா ஸ்கூல் விட்டு வந்து கதை அளப்பதைக் கேட்டுக்கொண்டே சமைக்கலாம். இந்த வேலை போனால் அதுவும் போகும்.

நந்தகுமாரின் அப்பா பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கடையின் பழக்கங்கள் எல்லாம் பட்டறைக்கும் வந்துவிட்டன. காலையில் போணி ஆகும்வரை எதுவும் வெளியே போகக் கூடாது. சில்லறை மாற்றித் தரமாட்டார், குப்பையைக்கூட வாசலுக்கு வெளியே தள்ள விடமாட்டார். அந்தக் கணக்கில் கம்ப்ரசர் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. டார்ச்சுக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரின் தொட்டிக்குள் ராத்திரிக் குளிரில் காற்றின் ஈரம் தண்ணீராகத் தேங்கும். காலையில் தொட்டியின் அடியிலுள்ள குழாயைத் திறந்து அதை இறக்கிவிட்டுத்தான் வெட்டத் தொடங்க வேண்டும்.

"மொதல் வெட்டு வெட்டி முடி. அப்புறம் எறக்கிக்கோ," என்பார் நந்தகுமார். "தொட்டியக் காலி பண்ணிட்டா கடையத் தொறப்பாங்க?"

அந்த முதல் வெட்டில்தான் எலக்ட்ரோடுக்குச் சாவு. அதன் நுனியில் ஒரு சின்ன உலோகப் பொட்டு இருக்கும். தீ அங்கேதான் பிறக்கும். ஈரக் காற்று பட்டால் அந்தப் பொட்டு குழி விழுந்து போகும். குழி ஆழமானபின்னும் ஓட்டினால் டார்ச்சே எரிந்துவிடும். அதனால் நளினி அடிக்கடி மாற்றினாள். ஈரத்தைப் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று வாங்கச் சொன்னாள். பார்க்கலாம் என்றார்.

ஒரு நாள் காலி எலக்ட்ரோடு டப்பாவைத் தூக்கிக் காட்டினார் நந்தகுமார்.

"இன்னாம்மா, இப்பதான வாங்கினேன்?"

"ஈரக் காத்து சார். தாங்கல."

"எங்கப்பா கடைக்குள்ள காலமெல்லாம் காத்து வந்துச்சு. ஒரு குண்டான்கூட ஓட்டையாகல."

வெல்டர் விநாயக் சிரித்தான். நளினியும் பாதி சிரித்தாள். நந்தகுமார் சிரிக்கவில்லை.

"எலக்ட்ரோடெல்லாம் நல்ல செம்பு. பழைய சாமான் கடையில கண்ண மூடிகினு வாங்குவான். மைன்ஸ் மூடினப்புறம் இந்த ஊர்ல கேபிளத் தோண்டி விக்காத கை எது, சொல்லு."

நளினியின் அப்பா தங்கச் சுரங்கத்தில், அந்த மைன்ஸில், கேஜ் லிஃப்டில் ஏறி இறங்கியவர். ஷிப்ட் முடிந்து வரும்போது தங்கம் ஒளித்திருக்கிறாரா என்று உடம்பெல்லாம் தடவிச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். அதைப் பற்றி அவர் வீட்டில் வாயே திறந்ததில்லை. ஏன் என்று நளினிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தேய்ந்ததையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். கொண்டுவந்து மேஜைமேல் கொட்டினாள். "பாருங்க சார், குழி எப்படி விழுந்துகிது."

அவர் ஒன்றைக்கூடக் கையில் எடுக்கவில்லை. "இருக்கறதக் காட்டற. இல்லாதத எப்படிக் காட்டுவ?"

மறுநாளிலிருந்து நளினி ஒரு காரியம் செய்தாள். ஷட்டரைத் திறந்து பெருக்குவது அவள் வேலைதான். நந்தகுமார் பூஜை முடித்து வருவதற்குள் தொட்டித் தண்ணீரை இறக்கினாள். பழுப்பாகத் தண்ணீர் சீறிக்கொண்டு வாளியில் விழும். வாளியைக் கொல்லையில் கொட்டிவிட்டுக் குழாயைத் துடைத்துவிடுவாள். சீறல் சுத்தமானது. எலக்ட்ரோடுகள் நின்று உழைத்தன. புது டப்பாவில் பாதி அப்படியே இருந்தது. இனி யார் என்ன சொல்ல முடியும் என்று நினைத்தாள்.

கேட் காண்ட்ராக்டர் ராஜப்பா வந்திருந்த அன்று நந்தகுமார் அந்த டப்பாவை எடுத்து அவர்முன் குலுக்கினார்.

"பாத்தீங்களா? ஒரே ஒரு வார்த்த சொன்னேன். எவ்ளோ மிச்சம்!"

ராஜப்பா நளினியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். விநாயக் குனிந்து, ஏற்கெனவே தேய்த்த தகட்டையே மறுபடி தேய்த்தான்.

நந்தகுமார் குரலைத் தணித்தார். "போனது போவட்டும்மா. நான் மனசுல வெச்சிக்கமாட்டேன். இனிமே இதேமாரி இரு."

வாயை மூடிக்கொண்டால் வேலை இருக்கும், திருடி என்ற பேரோடு. திறந்தால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"நான் எதையும் எடுக்கல சார். தெனமும் நீங்க வர்றதுக்கு மின்னாடி தண்ணி எறக்கறேன். அதான் எலக்ட்ரோடு நின்னு ஒழைக்குது."

"எதுக்கு மின்னாடி?"

"போணிக்கு மின்னாடி."

நந்தகுமார் டப்பாவை மெதுவாக மேஜையில் வைத்தார். எலக்ட்ரோடு எப்படி நின்றது என்று அவர் கேட்கவே இல்லை.

"எத்தினி நாளா?"

அவள் சொன்னாள். அவர் விரலை மடக்கி யோசித்தார். "அதான். பேத்தமங்களா ஸ்கூல் கிரில் ஆர்டர் கைவிட்டுப் போச்சே, அது அப்பதான். இன்னாடா எல்லாம் வத்திப் போகுதேன்னு நெனச்சிகினே இருந்தேன்."

"சார், அந்த ஆர்டருக்கும் தண்ணிக்கும்..."

"உன்ன திருடின்னு சொல்லலம்மா. அத வாபஸ் வாங்கிக்கறேன்," என்றார் ராஜப்பாவைப் பார்த்து, ஏதோ பெருந்தன்மை காட்டுவதுபோல. "திருடினாக்கூடப் பொருளுதான் போயிருக்கும். நீ ராசியையே எறக்கி ஊத்திட்ட. சாவிய வெச்சிட்டுப் போ."

சாவியை வைத்தாள். விநாயக் வாசல்வரை வந்தான்.

"அக்கா, இனிமே மெஷின என்னையப் பாத்துக்கச் சொல்றாரு."

"தண்ணிய எறக்கிட்டு ஓட்டுடா."

"போணி ஆவட்டும்க்கா. எனக்கும் வேல வேணும்ல."

சாயங்காலம் பவ்யா ஸ்கூல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நளினி உலையைப் பார்த்தபடி ம் கொட்டினாள். மகள் தூங்கிய பிறகு புருஷன் ரூபேஷிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் இன்னும் பெங்களூர் ரயிலில்தான் போய் வருகிறான்.

"சும்மா இருந்திருக்கலாம்ல?"

"திருடின்னு பேரு வாங்கிகினா?"

"வேல இருந்திருக்கும்."

அவள் பவ்யாவின் போர்வையை இழுத்துவிட்டாள். அவன் கேட்டான், "கார்மெண்ட்ஸ்ல ஆள் எடுக்கறாங்களாம். காலைல எழுப்பட்டா?"

"எழுப்பு," என்றாள். பவ்யா ஸ்கூலுக்குக் கிளம்பும்போது தலை பின்னிவிட இனி யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தாள்.