முழங்கையக்கா கட்டும் சமையலறை

"நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கிட்டு உங்க வேலயப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, முழங்கையக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். எட்டடிக்கு ஆறடி சமையலறை. மடியில் நோட்டும் காதிடுக்கில் பென்சிலுமாக ஒருவர் மூலையில் உட்கார்ந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் இல்லை என்று எப்படி நினைத்துக்கொள்வது? வெங்காயம் நறுக்க வந்த வீட்டுக்காரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்து நிமிடம் போனது. எண்ணெய் காய்ந்தது, மூடி கீழே விழுந்தது, தேடிய கரண்டி கிடைக்கவில்லை, வாளியில் உட்கார்ந்திருப்பவரை அந்த அம்மா அடியோடு மறந்துபோனார். அதற்குத்தான் முழங்கையக்கா காத்திருந்தார். உப்பு டப்பாவுக்காக ஒன்பது தரம் எக்கியது, குப்பைக்கூடைக்காகப் பதினோரு தரம் குனிந்தது, எல்லாம் நோட்டில் கோடு கோடாக ஏறியது.

அடுக்குமாடி வீடுகளின் சிறிய சமையலறைகளைப் பிரித்துப் புதிதாக அமைத்துத் தருவது அவர் தொழில். வயது ஐம்பத்திரண்டு. ஆள் குட்டை, குரல் நெட்டை. கழுத்தில் தையல் டேப்பு மாலைபோல் தொங்கும். இரும்பு டேப்பு இடுப்பில் இருக்கும். இரும்பு சுவருக்கு, துணி மனுஷருக்கு. சமைத்து முடித்தவரை நேராக நிற்கவைத்து, கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரைக்கும் அளப்பார். அதற்கு நாலு விரற்கடை கீழேதான் மேடையின் உயரம். மரக்கடையில் யாரோ விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்று அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தக் கடையில் யாருக்கும் தெரியாது.

முன்பு பன்னிரண்டு வருடம் தையல்காரியாக இருந்தவர். பழைய தொழில் கையை விட்டுப் போனாலும் வாயை விட்டுப் போகவில்லை. ஊசியை உதட்டில் கவ்விய பழக்கத்தில் இப்போது திருகாணிகளைக் கவ்விக்கொள்கிறார். நாலு திருகாணி வாயில் இருக்கும்போதே வாடிக்கையாளரோடு வாக்குவாதமும் நடக்கும். "சட்ட தைக்கிறவன் உடம்ப அளக்கிறானா, துணிய அளக்கிறானா? இவங்க மட்டும் ஏன் சுவத்த அளந்துட்டு வீட்டுக்குப் போயிடுறாங்க?" என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி. பதில் எதிர்பார்த்துக் கேட்பதில்லை.

படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்பவர்களிடம் அவருக்குப் பொறுமை கிடையாது. புதுமணத் தம்பதியர் சமையலறை நடுவில் தனியாக ஒரு மேடை கேட்டார்கள். முழங்கையக்கா அந்த இருவரையும் சமையலறைக்குள் நிறுத்தித் தானும் உள்ளே நுழைந்தார். மூவரும் தீப்பெட்டிக்குள் குச்சிகள்போல நின்றார்கள். "இப்ப மேடைய எங்க வைக்கட்டும்? யாராவது ஒருத்தர் வெளிய போறீங்களா?" என்றார். பெண் சிரித்துவிட்டாள். பையன் படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "நான் பாத்த வரைக்கும் முக்காவாசி கூடம் கோணல்தான்" என்பார். "பாவம், ஆடுறவங்க தங்களுக்குத்தான் ஆடத் தெரியலன்னு நெனச்சிட்டிருக்காங்க." சமைக்க அலுப்பாக இருக்கிறது, முதுகு வலிக்கிறது, தோள் இறங்குகிறது என்று யார் புலம்பினாலும், முதலில் மேடையைத்தான் சந்தேகப்படுவார். பெரும்பாலும் அவர் சந்தேகம் பலிக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மறைக்கவும் மாட்டார்.

சமைப்பவர் சமைத்துக் காட்டாமல் பென்சிலை எடுப்பதில்லை என்பது அவருடைய சட்டம். பதினேழு வருடத்தில் ஒரே ஒரு தடவை அதை மீறியிருக்கிறார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் தேடி வந்தாள். அண்ணனும் அவளுமாக இருபது வருடமாக ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறார்கள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்ததும் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு நேரே அடுப்படிக்குப் போகிறவர். சமையல் என்றால் அவருக்கு உயிர். திடீரென்று நெஞ்சில் அறுவைச் சிகிச்சை. ஒரு மாதமாக ஆஸ்பத்திரி.

"ஆளே மாறிட்டான்க்கா" என்றாள் தங்கை. "நேத்து நான் என்ன சமைக்கட்டும்னு கேட்டா, எதையாவது பண்ணும்மான்னு திரும்பிப் படுத்துக்கிட்டான். அவன் வாயில அப்படி ஒரு வார்த்த வந்ததே இல்ல. எத வேணா தாங்கிக்குவேன், எதையாவதுன்னு சொல்றதத் தாங்க முடியல. அவன் வீட்டுக்கு வர்றதுக்குள்ள புது சமையலறை தயாரா இருக்கணும். அதப் பாத்தாவது மறுபடி எந்திரிச்சு நிப்பான்."

"ஆள் சமைக்கிறதப் பாக்காம நான் செய்யறதில்லம்மா."

"ஆஸ்பத்திரியில போயி அவன எப்படிக்கா சமைக்கச் சொல்றது?"

முழங்கையக்கா பெருமூச்சு விட்டார். மனம் இளகிவிட்டது. அதோடு, சொன்னால் என்ன, சவால் என்றால் அவருக்கு நாக்கில் தேன் தடவியது மாதிரி. ஆள் இல்லாவிட்டால் என்ன, இருபது வருடம் ஒருவர் புழங்கிய இடம் அவரைப் பற்றிச் சொல்லாதா? வாளியைக் கவிழ்த்துப் போட்டு, ஆளில்லாத சமையலறையைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தரையில் தேய்ந்திருந்த இடத்தைத் தடவினார். எந்தக் கதவில் விரல் அழுக்கு அதிகம் என்று முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்தார். நீளமான ஒரே மேடை. வலது கோடியில் கழுவும் தொட்டி, இடது கோடியில் அடுப்பு. அடுப்பை ஒட்டி இடப்பக்கச் சுவரில், முழங்கை உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை. சுண்ணாம்பே குழிந்திருந்தது.

அதைக் கண்டதும் முழங்கையக்காவின் முகம் மலர்ந்தது. "இதோ நிக்கிறாரு பாரு உங்கண்ணன்" என்றார். "இடது முழங்கையச் சுவத்துல ஊனிக்கிட்டு, ஒய்யாரமா சாஞ்சுக்கிட்டு, வலது கையால கிண்டுற ஆளு. நின்னு நிதானமா சமைக்கிறவரு. சரியா?"

தங்கைக்கு அண்ணனின் சமையலைச் சாப்பிட்டுத்தான் பழக்கம். "இருக்கும்க்கா" என்றாள்.

பிறகென்ன, வேலை பறந்தது. மேடை உயரம் அந்தக் கறையின் கணக்கில் அமைந்தது. கீழே இழுப்பறைகள் சத்தமில்லாமல் ஓடின. நீளமான ஒற்றைக் கல்லில் வலப்பக்கம் தொட்டிக்கு ஒரு குழி, இடப்பக்கம் அடுப்புக்கு ஒரு குழி. கடைசியாக, யாரும் கேட்காமலே, தன் பிரியத்துக்கு ஒன்று செய்தார். நெஞ்சில் அறுவைச் சிகிச்சை ஆன மனிதர் களைத்துச் சாய்வார் அல்லவா? கறை இருந்த இடத்தில், சுவரிலிருந்து நாலு விரல் நீட்டிக்கொண்டு, முழங்கை வைக்க வழவழப்பான ஒரு மரத்தாங்கி. அதை மட்டும் மூன்று முறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். இப்படி ஒரு தாங்கியை எந்தச் சமையலறையிலும் யாரும் வைத்ததில்லை என்று மரக்கடையில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார்.

அண்ணன் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, வழக்கப்படி, முதல் சமையலைப் பார்க்க முழங்கையக்கா போய்ச் சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டார். நெட்டையான மனிதர், உடம்பு இளைத்துச் சட்டை தொளதொளவென்றிருந்தது. தங்கை கெஞ்சிக் கூத்தாடி அவரை அடுப்பின் முன் கொண்டுவந்து நிறுத்தினாள். வெண்ணெய் உருகும் சட்டியில் வெங்காயத்தைப் போட்டார். கரண்டியை எடுத்தார்.

இடது கையில் எடுத்தார்.

ஒரு கிண்டு. முழங்கை போய்த் தாங்கியில் 'டொக்' என்று இடித்தது. இன்னொரு கிண்டு, இன்னொரு 'டொக்'. அவர் கொஞ்சம் நகர்ந்து நின்று பார்த்தார், உடம்பைக் கோணலாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் கரண்டியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, பழக்கமில்லாத கையால் மெதுவாக நாலு தரம் புரட்டினார். அடுப்பை அணைத்தார். "ரொம்ப நல்லா இருக்கும்மா, அழகா செஞ்சிருக்கீங்க" என்று முழங்கையக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். தங்கையிடம், "இனிமே நீயே பண்ணிப் பழகும்மா, நான் உக்காந்துகிட்டே சொல்றேன்" என்றார். போய்க் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

தங்கையின் கண்கள் நிறைந்துவிட்டன. "பாத்தீங்களாக்கா. அந்த ஆச போயிடுச்சு. ஆபரேஷனோட போயிடுச்சு."

முழங்கையக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. சுவரில் இருந்த கறை சாய்ந்ததால் வந்ததல்ல. இருபது வருடமாக ஒவ்வொரு கிண்டுக்கும் இடது முழங்கை சுவரில் இடித்து இடித்து வந்தது. இடிபட்ட இடத்தில் முன்பாவது சுவர் மட்டும்தான் இருந்தது. இவர் போய் அதே இடத்தில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு கட்டையை அடித்து, மெருகும் ஏற்றிவைத்திருந்தார்.

இந்த இடத்தில் அவர் பேசாமல் கிளம்பியிருக்கலாம். அண்ணன் குறை சொல்லப் போவதில்லை. தங்கை பழியை நோயின் மேல் போட்டாகிவிட்டது. நோய் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. வேலை கச்சிதம், பெயருக்கும் பங்கமில்லை. அந்த எண்ணம் அவருக்கு வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 

"ஆச எங்கயும் போகலம்மா" என்றார் பிறகு. "நான்தான் வழிய அடச்சு வச்சிருக்கேன். உங்கண்ணன் இடது கைக்காரர்னு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியேக்கா."

"கேக்கலதான். சுவத்தப் பாத்தே எல்லாம் தெரிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்ல."

நேரே கூடத்துக்குப் போய் அந்த மனிதரின் எதிரில் நின்றார். "அண்ணே, தப்பு என்னுது. ஆனா ஒண்ணு கேக்குறேன். இருபது வருஷமா இடிச்சிருக்கே, ஒரு நாளாவது யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "சமையலறைன்னாலே அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேம்மா. ஸ்கூல்ல பெஞ்சு அப்படி இருந்துச்சு, வேலைக்குப் போனா தகடு வெட்டுற கத்திரிக்கோல் அப்படி இருந்துச்சு. இதுக்குப் போய் என்ன சொல்றது?" பிறகு குரலைத் தாழ்த்தி, "முன்னாடி இடிச்சா பரவால்ல. இப்ப நெஞ்சுல தையல் போட்ட எடத்துல சுருக்குங்குது. அவகிட்டச் சொல்லாதீங்க, பாவம், எனக்காக ஆசயா செஞ்சது" என்றார்.

மறுநாள் கல்தச்சரோடு வந்து இறங்கினார் முழங்கையக்கா. கல்தச்சர் பதினைந்து வருடக் கூட்டாளி, கிண்டலில் அவருக்குச் சளைக்காதவர். "யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க" என்றார் மீசையைத் தடவிக்கொண்டு.

"யானை சறுக்குனா பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான் ஆபத்து. கல்ல ஒரு பக்கம் புடி."

தாங்கியைக் கழற்றினால் மட்டும் போதாது, சுவர் இடிக்கும்; அடுப்பையே வலது கோடிக்குக் கொண்டுபோக வேண்டும். புதுக் கல் வாங்கி, குழி வெட்டி, மெருகேற்ற இரண்டு வாரமாவது ஆகும் என்றார் கல்தச்சர். இரண்டு வாரம் நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த மனிதர் நாற்காலியோடு ஒட்டிக்கொள்வார் என்பது முழங்கையக்காவின் கவலை. சிறிது நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலர் நைஞ்சுபோன சட்டைக்கு என்ன பண்ணுவோம் தெரியுமா? காலரப் பிரிச்சுத் திருப்பிப் போட்டுத் தச்சிடுவோம். இந்தக் கல்லயும் திருப்பு" என்றார். முன்புறம் பின்புறமாகவும் வலது இடதாகவும் கல்லை அப்படியே சுற்றி வைத்தால், தொட்டிக் குழி இடப்பக்கம் போகும், அடுப்புக் குழி வலப்பக்கம் வரும். குழிகள் இரண்டும் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நட்டநடுவில் வெட்டியவை, அதனால் பிசகாது. சுவரோரம் மறைந்திருந்த கரடான விளிம்பை மட்டும் தேய்த்து மெருகேற்ற வேண்டும். கல்தச்சர் மறுபேச்சில்லாமல் மெஷினை எடுத்தார். நாலு பேர் சேர்ந்து கல்லைத் தூக்கிச் சுற்றினார்கள். இழுப்பறைகள் இடம் மாறின, குழாய்கள் நீண்டன. மூன்றே நாளில் வேலை முடிந்தது. அதற்கு முன் இன்னொன்றும் நடந்தது: அந்த மனிதரை நிற்கவைத்து, இடது கையை மடக்கச் சொல்லி, தையல் டேப்பால் முறையாக அளந்தார். கறையின் கணக்குக்கும் ஆளின் கணக்குக்கும் ஒன்றரை விரற்கடை வித்தியாசம். மேடைக்கால்களும் உயர்ந்தன.

இம்முறை யாரும் கெஞ்சவில்லை. அவரே எழுந்து வந்தார். இடது கையில் கத்தி, இடது கையில் கரண்டி; இடப்பக்கத்தில் விரிந்து கிடந்தது வெறும் மேடை. கேரட் விழுந்தது, பூண்டு விழுந்தது, கை முழு வட்டம் சுற்றியது. பார்க்க வந்து நின்ற தங்கையை, "நடுவுல நிக்காத, நகரு, நகரு. மெளகு எங்க வச்ச? இந்த இழுப்பறையில கைப்பிடி வழுக்குதும்மா, வேற போடணும்" என்று விரட்டினார். தங்கை தள்ளிப்போய் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முழங்கையக்கா கைப்பிடியை நோட்டில் குறித்துக்கொண்டார். குறை கேட்டு அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

காய்கறி சூப் தயாரானதும் முழங்கையக்காவையும் மேசையில் உட்காரவைத்தார்கள். எதிரில் அந்த மனிதர். முழங்கையக்கா ஒரு கரண்டி எடுத்துக் குடித்தார், ருசியில் கண்ணை மூடித் திறந்தார். பிறகு எதிரே இருந்தவரின் இடது கையைக் கொஞ்ச நேரம் கவனித்தார். தன் கரண்டியையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டார். பாதி சூப் மேசைவிரிப்பில் சிந்தியது, மீதி முகவாயில் வழிந்தது. கிண்ணம் காலியாகும் வரை அவர் கையை மாற்றவில்லை.