பிலோமினா அக்கா முடித்துவைத்த அழைப்புகள்

செவ்வாய்க்கிழமை காலை குருநகரிலிருந்து பிலோமினா அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா விடியப்புறம் மோசம் போட்டா. உங்கடை கந்தோர் ஆக்களுக்கும் சொல்லிவிடுங்கோ." அக்கா இறந்த செய்தியை அலுவலகத்தில் எல்லோருக்கும் சொன்னேன். கேட்ட ஒவ்வொருவரும் அக்காவின் பகிடிப் பேச்சு ஒன்றை நினைவுபடுத்தினார். அவரைத் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

அக்கா ஒருகாலத்தில் ட்ரங்க் கோல் எனும் தொலைதூர அழைப்புகளைக் கையால் இணைத்துக் கொடுத்தவர். தானியங்கி இணைப்பகம் வந்ததும் அந்த வேலை போயிற்று. பல வருடங்களுக்குப் பின், தொலைபேசியில் தானே பதில் சொல்லும் இயந்திரங்களை உருவாக்கும் எங்கள் கொக்குவில் நிறுவனத்துக்கு, அவற்றைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்கு வந்தார். "என்னை வீட்டை அனுப்பின மெசினுக்கு நானே கதைக்கப் பழக்கிறன். அதுக்கும் வெக்கமில்லை, எனக்கும் இல்லை" என்றார் முதல் நாளே.

நான் தனியே வடிவமைத்த முதல் இயந்திரம் ஒரு தனியார் மருத்துவமனைக்கு, வைத்தியரைப் பார்க்க நேரம் பதிவதற்கு. பதிந்த நேரத்தை மறுபடி கேட்க விரும்புவோருக்காக, அழைப்பவர் தொலைபேசியை வைக்கும்வரை இணைப்பைத் திறந்தே விட்டிருந்தேன். இரண்டே நாளில் எல்லா இணைப்புகளும் அடைத்துக்கொண்டன. பெற்றோருக்காக வெளிநாட்டிலிருந்து அழைத்த பிள்ளைகளுக்கும் இணைப்புக் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் இயந்திரத்தைக் கழற்றிவிடுவதாக நிர்வாகி சொன்னார். நான் நிரலைக் கிளறிக் களைத்தேன். அக்கா பதிவான அழைப்புகளை ஒரு காலை முழுவதும் கேட்டார்.

"இஞ்சை வா பிள்ளை. இந்த மனுசன் சொல்லுறதைக் கேள்."

நேரம் பதிந்து முடிந்திருந்தது. ஒரு முதியவரின் குரல்: "சரி தங்கச்சி, அப்ப வைக்கட்டே?" பிறகு மறுபடி: "வைக்கட்டே பிள்ளை?" இயந்திரம் பதில் சொல்லவில்லை. அவரும் வைக்கவில்லை. அடுத்த அழைப்பும் அப்படியே.

"மெசினிட்டை ஆரக்கா உத்தரவு கேக்கிறது?"

"மரியாதை தெரிஞ்ச சனம் கேக்கும். நீ கேளாமலே வைக்கிறனி?"

அன்று காலை அம்மாவிடம் நானும் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

உத்தரவு கேட்பவர்களுக்கு இயந்திரம் சொல்வதற்காக அக்கா தன் குரலில் "ஓம், வையுங்கோ" என்று பதிந்து தந்தார். "மீண்டும் வாங்கோ" என்றும் சேர்ப்போமா என்றேன். "ஆஸ்பத்திரிக்கு இன்னொருக்கா வாங்கோ எண்டு ஆரும் சொல்லுவினமே? சும்மா இரு" என்றார். வியாழன் பின்னேரம் இணைப்புகள் ஒவ்வொன்றாக விடுபட்டன. மறுநாள் நிர்வாகி, இயந்திரம் இருக்கட்டும் என்றார்.

அக்காவிடமிருந்து நான் பெற்று வைத்திருப்பது ஒரு பழக்கம். முன்பெல்லாம் இயந்திரத்துக்காக நான் போடும் வரைபடங்களில் அழைப்பின் முடிவு மூலையில் ஒரு சிறு வட்டம். இப்போது மனிதர்கள் விடைபெறுவதற்கென்று ஒரு முழுத்தாளை ஒதுக்கி, அதைத்தான் முதலில் வரைகிறேன். அந்தத் தாள் அக்காவினுடையது.