ஏசாத காலை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். திருகோணமலையில் உள்துறைமுக வீதிக்குப் பின்னால், கடற்காற்று நேரே வந்து முட்டுகிற சின்னத் தெரு அது. கந்தோரில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பிறகு என் மனுசனும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது நானும் என் வாயுமாக அந்த வீட்டில் இருக்கிறோம். மதிலோரம் குப்பை கொட்டுகிறவர்களை ஏசுவேன். மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போகிறவர்களை ஏசுவேன். ஊருக்குள் திரிகிற புள்ளிமான்கள் என் செவ்வரத்தைச் செடியை மேய வந்தால் விளக்குமாற்றோடு ஓடிப்போய் அவற்றையும் ஏசுவேன். மானுக்கு வெட்கம் கிடையாது. நான் ஏச ஏச அது மென்றுகொண்டே நிற்கும்.

என்னிடம் ஆகக்கூடப் பேச்சு வாங்கியவன் பாண்காரன். கிளிவெட்டியில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்து, இங்கே பெண் எடுத்து, ஓட்டோவின் பின்னால் கண்ணாடிப் பெட்டி பூட்டி, பேக்கரியில் சுட்ட பாணும் பணிசும் விற்கிறவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்தப் பாண் ஓட்டோக்கள் போடுகிற மெட்டு இலங்கையில் எல்லாருக்கும் தெரியும். சொல் எதுவும் கிடையாது, முடிந்ததும் திரும்ப முதலில் இருந்து தொடங்கும். காலையில் நான் சாமிப் படத்துக்கு விளக்கு வைக்கிற நேரம் பார்த்து என் வாசல் படலையடியில் கொண்டுவந்து நிறுத்தி அதைப் போடுவான். நான் யன்னலைத் திறந்து, செவிடர்களுக்கா பாண் விற்கிறாய், சத்தத்தைக் குறை என்று கத்துவேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு கொஞ்சம் குறைப்பான். அடுத்த நாள் பழையபடி முழுச் சத்தத்தோடு வருவான். இது வருடக்கணக்காக நடந்துகொண்டிருந்தது.

நான் விழுந்த நாளில் கச்சான் காற்று அப்போதுதான் தொடங்கியிருந்தது. எங்கள் குளியலறை வீட்டோடு ஒட்டாமல் பின்வளவில் இருக்கிறது. விடிந்தும் விடியாததுமாகக் குறுக்குக் கட்டோடு குளிக்கப் போனேன். வாசற்படியில் கால் வழுக்கியது. கணுக்காலுக்கு மேலே ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. எழும்பப் பார்த்தேன், ஏலவில்லை. போன் படுக்கையறையில். கூப்பிட்டுப் பார்த்தேன். ஆயுள் முழுக்கக் கத்தியவளுக்கு, அன்றைக்குப் பார்த்துப் பூனைக்குட்டிச் சத்தம்தான் வந்தது. அந்த ஈரத்தில் கிடந்தபடி நான் சாவைப் பற்றி நினைக்கவில்லை. கொழும்பில் இருக்கிற மகன் ஞாயிற்றுக்கிழமைதான் போன் எடுப்பான், இன்றைக்குச் செவ்வாய் என்றுதான் நினைத்தேன். பயந்து செத்தேன், அதை மறைத்து என்ன?

பிறகு பாண்காரனின் மெட்டு கேட்டது. கிட்ட வந்தது, படலையடியில் நின்றது. நான் இருந்த பலத்தை எல்லாம் கூட்டிக் கூப்பிட்டேன். அந்தச் சத்தத்துக்குள் என் குரல் எங்கே எடுபடப் போகிறது? வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடவே நின்றான். பிறகு மெட்டு நகர்ந்து ஒழுங்கை முடிவை நோக்கிப் போனது. வாய்விட்டு அழுதேன். அப்போதுதான் அது நடுவில் நின்றது. அந்த மெட்டு நடுவில் அறுந்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஓட்டோ திரும்புகிற சத்தம், படலையில் 'அம்மா, அம்மா' என்ற குரல், பிறகு மதிலால் யாரோ தொப்பென்று குதிக்கிற சத்தம்.

அவன் என்னைத் தூக்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் கொடியில் கிடந்த துவாயை எடுத்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு என் மேல் போட்டான். அதற்குப் பிறகுதான் கிட்ட வந்தான். வலியால் துடித்துக்கொண்டிருந்த நேரத்திலும் அது என் மனதில் பதிந்துவிட்டது. என் மானத்தைப் பற்றி யோசிக்க எனக்கே அப்போது தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியது.

பாண் ஓட்டோவில் ஆளை ஏற்ற இடமில்லை. றோட்டுக்கு ஓடிப்போய் வேறொரு ஓட்டோவை மறித்துக் கொண்டுவந்து, தன்னுடையதை என் படலையடியில் அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களில் முன்வீட்டுக்காரியும் ஒருத்தி. முஸ்லிம் பெண், என்னைவிட வயதில் குறைந்தவள், என்னை அக்கா என்பாள். அவளுடைய மாமரத்து இலை என் முற்றத்தில் விழுகிறது என்று நான் தொடங்கிய சண்டையில் சில மாதங்களாக எங்களுக்குள் கதை இல்லை. அவள் என் வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டாள். பிறகு முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு பாண் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்று அவனுடைய பாணை விற்றிருக்கிறாள். அவன் மத்தியானம் திரும்பி வந்தபோது கண்ணாடிப் பெட்டியில் ஒரு பணிசுகூட மிச்சம் இல்லையாம். இதை எனக்குச் சொன்னவர்கள் எல்லாரும் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வலி அடங்கிய பிறகு, நான் விழுந்து கிடந்தது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவன் கொஞ்சம் கூச்சப்பட்டான்.

"நீங்கள் ஏசேல்லை, அம்மா. ஒழுங்கை முடக்கு வரைக்கும் போனன். எனக்கு மனம் கேக்கேல்லை."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள் எனக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தாதியைக் கூப்பிட்டாள்.

அன்று பின்னேரமே மகன் கொழும்பில் இருந்து வந்து இறங்கினான். எனக்கு ஒரே பிள்ளை. முப்பத்தைந்தை எட்டிப் பிடிக்கிறான், இன்னும் கலியாணம் இல்லை, கணினிக் கம்பனியில் வேலை, ஏழாம் மாடியில் வாடகை வீடு. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, இனி உங்களைத் தனிய விட ஏலாது என்று சொன்னான். காலில் போட்ட பிளாஸ்டர் கட்டை வெட்டிய அடுத்த நாளே தன்னோடு வந்துவிட வேண்டும், இந்த வீட்டை வாடகைக்கு விடுவோம் என்றான். அடுத்த தடவை விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். நியாயமாகக் கேட்கிறவனை எப்படி ஏசுவது? வீட்டை விட்டுப் போகிறது என்று நினைத்தபோது முறிந்த காலைவிட நெஞ்சு வலித்தது.

மகன் வேலைக்குத் திரும்பிப் போனான். நான் பிளாஸ்டர் போட்ட காலோடு, முன்யன்னலடியில் ஒரு கதிரையில். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். ஒரு சுண்டு அரிசி கடன் கேட்பதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று இருந்தவள். அப்படிப்பட்டவளை முன்வீட்டுக்காரி வந்து குளிக்க வார்த்துவிட்டாள். முதல் நாள் கூச்சத்தில் அவள் மேலேயே எரிந்து விழுந்தேன். தண்ணீர் சூடு காணாது, சவர்க்காரம் கண்ணில் படுகிறது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் ஓம் அக்கா, ஓம் அக்கா என்று முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் போல, என் அம்மாவுக்குப் பிறகு என் முதுகை யாரும் தேய்த்ததில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் இன்னொரு வாளி தண்ணீர் எடுத்தாள். மாமரத்தைப் பற்றி அதன் பிறகு நாங்கள் இருவரும் கதைக்கவில்லை.

அந்தக் கதிரையில் இருந்துதான் என் ஒழுங்கையை நான் முதன்முதலில் சரியாகப் பார்த்தேன் என்று சொல்லலாம். இத்தனை வருடமும் அதில் நடக்கிற பிழைகளைத்தான் பார்த்திருக்கிறேன். மீன்காரி தராசை இறக்கி வைத்துவிட்டு ஒரு நிமிடம் இடுப்பை நிமிர்த்தி மூச்சு விடுவதைப் பார்த்தேன். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் முன்வீட்டுச் சின்னப் பிள்ளை விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பதைப் பார்த்தேன். ஒரு பெட்டை மான் வந்து என் செவ்வரத்தையை இலை இலையாகத் தின்றது. எழும்பி ஓட ஏலாது, விளக்குமாறும் கைக்கெட்டாது. இருந்து பார்த்தேன். அது தின்னும்போது காதுகள் இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே அசைந்துகொண்டிருந்தன. என்ன வடிவு! தின்னட்டும் என்று விட்டுவிட்டேன். வாய் சும்மா இருந்தால் கண்ணுக்கு வேலை கிடைக்கிறது என்று அன்று விளங்கியது. அதற்காக நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாண்காரன் வந்தவுடன், சத்தத்தைக் குறை என்று கதிரையில் இருந்தபடியே கத்தினேன். அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கட்டு வெட்டுகிற வாரம் மகன் லீவு போட்டுவிட்டு வந்தான், பெட்டி கட்ட. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு வெட்டினோம். கால் பலா மரக் கொப்புப் போலச் சொரசொரவென்று இருந்தது. தடி ஊன்றி நடக்கச் சொன்னார்கள். இரண்டு நாளில் கொழும்புக்குப் போக வேண்டும். அந்த இரண்டு நாளும் நான் நித்திரை விட்டு எழும்ப முன்னமே மகன் முன்கதவைத் திறந்துகொண்டு இருப்பான். பாண்காரன் வந்து, பாணைக் கொடுக்க முன்னம், அம்மா எழும்பிவிட்டாவோ என்று அவனிடம் கேட்டிருக்கிறான். எழும்பவில்லை என்றதும் போகாமல் நின்றிருக்கிறான். நான் உள்ளே இருமுகிற சத்தம் கேட்ட பிறகுதான் ஓட்டோவை எடுத்தானாம். மீன்காரி வந்து, நீ ஆர், அம்மாவுக்கு என்ன முறை என்று விசாரணை வைத்தாள். முன்வீட்டுக்காரி இடியப்பத்தோடு வந்து, எங்கள் அக்காவை எங்கே கொண்டுபோகப் போகிறாய் என்று நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

புறப்பட இருந்த நாள் காலை நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். மகன் வந்து வாசலில் நின்றான். கையில் பாண். அவன் முகத்தைப் பார்த்ததும் தேத்தண்ணியை வைத்துவிட்டேன்.

"போன வருசம் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது, அம்மா. அஞ்சாறு நாள் வெளியில போகேல்லை. ஒருத்தரும் கதவு தட்டேல்லை."

சாப்பாட்டுக்கு என்ன செய்தாய் என்றுதான் முதலில் என் வாயில் வந்தது. தாய்க்கு வேறென்ன வரும்? போனில் சொன்னால் கொண்டுவருகிறவன் வாசலில் வைத்துவிட்டு மணியை அமத்திவிட்டுப் போய்விடுவான், அவன் முகம்கூடத் தெரியாது என்றான். ஒருநாள் இரவு காய்ச்சல் குளிசை எடுக்க எழும்பி விழுந்து, விடியும் மட்டும் தரையிலேயே கிடந்தானாம்.

"ஏன் தம்பி எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் அடுத்த பஸ்சில ஏறி வந்திடுவீங்கள்."

பிறகு அவனே சொன்னான், நீங்கள் இங்கேயே இருங்கோ, உங்களை இங்கே விட்டுவிட்டுப் போக எனக்குப் பயமில்லை என்று. நான் கேட்டுக் கிடந்தது அதுதான். முருகனுக்கு நேர்ந்ததும் அதற்காகத்தான். கேட்டது கிடைத்தபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை. நான் விழுந்து கிடந்தது ஒரு காலைதான், அதற்குள் ஒருவன் மதில் பாய்ந்து வந்தான். என் பிள்ளை ஒரு இரவு முழுக்கத் தரையில் கிடந்திருக்கிறான். அவன் தனியாக இருக்கிறான் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. நான்தான் தனி என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கட்டிய பெட்டியை நான் அவிழ்க்கவில்லை. ஒரு மாதம் வந்து உன்னோடு இருக்கிறேன், பிறகு என் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றேன். அவன் வேண்டாம் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. திறப்பை முன்வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். பாண்காரனுக்கு விசயம் தெரிந்ததும் முகம் தொங்கிவிட்டது. ஒரு மாதம்தானே, அதுவரைக்கும் ஆசை தீரச் சத்தம் போட்டு வில் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொழும்பு வீடு துப்புரவான வீடுதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் முதல் நாள் காலை எழும்பி இருக்கிறேன், ஒரு சத்தம் இல்லை. ஏசுவதற்கு ஒரு மனிசர் இல்லை. மகன் நித்திரை. கதவைத் திறந்து பார்த்தால் நீளமாக ஒரு நடை, இரண்டு பக்கமும் பூட்டிய கதவுகள். நேர் எதிரே ஒரு கதவு. அதில் யார் இருக்கிறார்கள் என்று முந்தின இரவு மகனைக் கேட்டிருந்தேன். நாலு வருடமாக அங்கே குடியிருக்கிறவன், தெரியாது என்றான்.

தடியை ஊன்றிக்கொண்டு போய்த் தட்டினேன். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. என் வயதுப் பெண் ஒருவர், நெற்றியில் திருநீறு. யார் என்று கேட்டார். எதிர்வீடு என்றேன். கறிக்கு இரண்டு நெட்டுக் கறிவேப்பிலை வேண்டும் என்றேன். மகனின் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை இருந்தது. அது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

சங்கிலியைக் கழற்றினார். உள்ளே போய் ஒரு பிடி கொண்டுவந்து என் கையில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"அந்தத் தம்பியின்ர அம்மாவோ நீங்கள்? போன வருசம் ஒருக்கால் இரவிரவா ஒரே இருமல் கேட்டது. தட்டுவமோ எண்டு வந்து என்ர இந்தக் கதவடியிலதான் நிண்டனான். என்ன நினைப்பாரோ எண்டு திரும்பிப் போயிட்டன்."

அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் இரண்டு கதவுக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தேன். என் தடியைப் படுக்கப் போட்டால் இந்தக் கதவில் இருந்து அந்தக் கதவுக்கு எட்டும்.

"இனி யோசிக்காதேங்கோ," என்றேன். "தட்டுங்கோ."